பதினைந்து வரை போகலாம்

2016 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. பின்லாந்தின் ஔலு நகரத்தில், கொஸ்கெலாப் பகுதியிலுள்ள ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில், சமையலறை ஜன்னலுக்கு வெளியே பொருத்தியிருந்த வெப்பமானி காலை எட்டரை மணிக்குப் பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரி காட்டியது.

“எவ்வளவு?” என்று முன்னறையிலிருந்து தெர்ஹோ கேட்டான்.

“பதினாலு” என்றாள் ஹில்க்கா.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு இழுப்பறை திறக்கும் சத்தம். கம்பளிக் காலுறைகளை எடுக்கிறான் என்று தெரிந்தது. ஹில்க்கா ஜன்னலை விட்டு நகர்ந்து காபிக்குத் தண்ணீர் பிடித்தாள்.

அவர்களுக்குள் இருந்த ஒப்பந்தம் சிறியது. பதினைந்து வரை சைக்கிளில் போகலாம். அதைத் தாண்டினால் வீட்டில் இருக்க வேண்டும். ஜனவரியில் அந்த ஊரில் யாரும் மைனஸ் என்ற சொல்லைச் சேர்ப்பதில்லை. எண் ஏறினால் குளிர் ஏறுகிறது, அவ்வளவுதான். எண்ணைப் பார்த்துச் சொல்வது ஹில்க்காவின் பொறுப்பு. தெர்ஹோ பார்க்கக் கூடாது. அப்படி ஏற்பாடு செய்தவனே அவன்தான். “நான் பார்த்தா இருபதுகூடப் பதினாலாத்தான் தெரியும். நீயே பாத்துச் சொல்லு கிழவி” என்று சொன்னான். சொன்னதற்குப் பிறகு ஒரு நாளும் அவன் அந்த ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பியதில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத சாலையில், பனி கொட்டிக்கொண்டிருந்தாலும், சிவப்பு விளக்குக்கு நின்று பச்சை வந்த பிறகு கடக்கிற ஆள் அவன்.

தாள் ஆலையில் வேலை பார்த்த காலத்தில் ஓய்வறையில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது. எந்தக் குளிரில் சைக்கிளை விட்டுவிட்டு பஸ் ஏறுவது என்கிற எண். அதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும், அடுத்தவர் எண்ணைக் கேலி செய்யலாம், மாற்றச் சொல்லக் கூடாது. தெர்ஹோவின் கூட்டாளி அஹ்திக்கு இருபத்தைந்து. அதற்கு மேல் போனால் மீசை உறைந்து வாய் ஒட்டிக்கொள்கிறது, வந்த உடனே காபி குடிக்க முடியவில்லை என்பது அவன் சொன்ன காரணம். அலுவலகத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு இருபத்திரண்டு. கண் இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் எல்லை அது. தெர்ஹோவுக்கு எண்ணே கிடையாது. ஒரு பிப்ரவரியில் முப்பத்து மூன்றிலும் வந்து இறங்கினான். கதவு திறந்திருந்தால் வந்துவிடுவான் என்று அவனைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அது பாராட்டா கிண்டலா என்று அவன் கேட்டதில்லை.

பிறகு சர்க்கரை வியாதி வந்தது. முதலில் கால் விரல்கள் மரத்தன. அப்புறம் பாதம். சுகாதார நிலையத்தில் செவிலி அவனைக் கட்டிலில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுக்கொண்டே போனாள். தெரியும்போது சொல்ல வேண்டும். ஹில்க்கா பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இழை குதிகாலைத் தொட்டது. தெர்ஹோ பேசவில்லை. நடுப் பாதத்தைத் தொட்டது. பேசவில்லை. செவிலி இழையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றபோது, “தெரியுது” என்றான். செவிலி ஹில்க்காவைப் பார்த்தாள். ஹில்க்கா கதவில் ஒட்டியிருந்த காய்ச்சல் ஊசி அறிவிப்பைப் பார்த்தாள்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் இடது காலின் சுண்டுவிரல் கறுத்துப்போய், தோல் உரிந்து, எப்படியோ தப்பித்திருந்தது. “அடுத்த தடவை இப்படித் திரும்பி வராது. உங்களுக்கு வலிக்காது, அதான் ஆபத்து. பத்துக்கு மேல சைக்கிள் வேண்டாம்” என்று செவிலி சொன்னாள். தெர்ஹோ இருபது என்றான். சந்தையில் மீன் பேரம் பேசுகிற மாதிரி பேசிப் பதினைந்தில் வந்து நின்றார்கள். செவிலிக்கு அதில் சம்மதம் இல்லை. ஆனால் அடுத்த நோயாளி காத்திருந்தார்.

அவன் போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை முற்பகலில் ரக்ஸிலா நீச்சல் கூடத்தின் சௌனா, அதாவது நீராவிக் குளியல் அறை. ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற நான்கைந்து பேர் அந்தச் சூடான மரப் பலகைகளில் ஏறி உட்கார்ந்து, யார் செத்தார்கள், யாருக்கு இடுப்பு மாற்றினார்கள், ஆற்றில் பனிக்கட்டி எவ்வளவு கனம் என்று பேசுவார்கள். அவனுடைய வாரம் அந்தச் செவ்வாயில்தான் தொங்கியது. கார் இல்லை. காலுக்கடியில் பிரேக் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்போன அன்றே சாவியை மகள் மெர்வியிடம் கொடுத்துவிட்டான். பஸ் வீட்டு வாசலிலேயே நிற்கும். அதில் ஏற மாட்டான். பஸ் என்றால் ஆஸ்பத்திரி, கல்லறை இரண்டுக்கும் போகிறவர்களுக்கு என்பான்.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த ஹில்க்கா அந்த இலையுதிர் காலத்தில்தான் ஓய்வு பெற்றாள். இருவரும் வீட்டில் சேர்ந்திருந்த முதல் குளிர்காலம் அது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் குளிர் இருபதுக்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மூன்று செவ்வாய்க்கிழமைகள் போயின. ஒவ்வொரு செவ்வாயும் அவன் கேட்டான், அவள் உள்ளதைச் சொன்னாள், அவன் “சரி” என்று சொல்லிச் செய்தித்தாளை மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான்.

அவன் அவளைத் தொந்தரவு செய்தான் என்று சொல்ல முடியாது. சமையலறை மேசையில் இருந்தான். அதுதான் விஷயம். அவள் பாத்திரம் அடுக்கும்போது இருந்தான், ரொட்டி அறுக்கும்போது இருந்தான், ஜன்னலோரம் நிற்கும்போதும் இருந்தான். சோடன்கூலாவில் முப்பத்தெட்டு, கூசமோவில் முப்பத்தொன்று என்று எங்கெங்கோ உள்ள குளிரைப் படித்துச் சொன்னான். பதில் எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டாவது வாரத்தில் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறக்காமல், மூடிய கழிப்பறை மேல் உட்கார்ந்திருக்கத் தொடங்கினாள். கோபமெல்லாம் இல்லை. கோபம் இருந்தால் பரவாயில்லை என்றுகூட ஒருமுறை நினைத்தாள்.

மூன்றாவது வாரம் அவன் சைக்கிளை அடித்தளத்தில் துணி உலர்த்தும் அறைக்குள் கொண்டுபோனான். குளிர்காலம் முடியும் வரை சைக்கிள் வெளியேதான் நிற்க வேண்டும் என்பது அந்த ஊரில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் தெரியும். வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் ஒட்டியிருக்கும் பனி உருகிப் பின்சக்கரத்தின் பல்சக்கரத்துக்குள் இறங்கும். மறுபடி வெளியே கொண்டுபோனால் உள்ளே உறையும். ஹில்க்கா சொல்லிப் பார்த்தாள். சும்மா துடைக்கத்தான், எண்ணெய் போடத்தான் என்றான் அவன். தினமும் இரண்டு மணி நேரம் கீழே போய்த் துடைத்தான். அந்த இரண்டு மணி நேரம் கிடைத்ததால் அவள் அதற்கு மேல் சொல்லவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் சைக்கிளை முற்றத்து நிறுத்துமிடத்தில் கொண்டுவந்து பூட்டினான். வானிலை அறிக்கையில் குளிர் தணியும் என்று சொல்லியிருந்தார்கள்.

கொஞ்சம் தணிந்திருந்தது. பத்தொன்பது.

யோசித்து வைத்துச் சொன்ன பொய் அல்ல அது. கண் பத்தொன்பதைப் பார்த்தது, வாய் பதினாலு என்றது. திருத்திக்கொள்ள நேரம் இருந்தது. காபி இறங்கும் வரை நேரம் இருந்தது, அவன் இரண்டு துண்டு கம்பு ரொட்டி தின்று முடிக்கும் வரை இருந்தது. கம்பளித் தொப்பிக்கு மேல் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு முன்வாசலில் குனிந்து காலணி நாடாவைக் கட்டும் வரைகூட இருந்தது. நாடா இறுக்கமா தளர்வா என்று அவன் காலால் உணர முடியாது என்பதால் விரலை உள்ளே விட்டுப் பார்த்தான்.

“திரும்பி வர ரெண்டு மணி ஆயிடும். அஹ்தி பேச ஆரம்பிச்சா விட மாட்டான்” என்றான்.

“சரி.”

கதவு மூடியது. ஹில்க்கா முதலில் வானொலியை நிறுத்தினாள். பிறகு அவனுடைய நாற்காலியை மேசைக்குள் தள்ளினாள். அவன் போன பிறகு செய்யலாம் என்று வாரக்கணக்கில் நினைத்து வைத்திருந்தவை ஏராளம். ஒன்றும் செய்யவில்லை. ஒரு துண்டு ரொட்டியை நின்றபடியே தின்றாள். ஆற்றுக்கு அப்பால் சூரியன் எழுந்து, எதிர்க் குடியிருப்பின் கூரை விளிம்பு சிவந்து, பிறகு சாதாரண வெள்ளை ஆயிற்று. இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருப்பான் என்று நினைத்தாள். பயம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. நிம்மதி வருகிறதா என்று பார்த்தாள். அதுவும் இல்லை. படுக்கைக்குப் போய் உடுப்போடு படுத்துத் தூங்கிவிட்டாள்.

நடந்தது அவளுக்கு அப்புறம் துண்டு துண்டாகத் தெரியவந்தது.

பாலத்தில் ஆற்றுக் காற்று பக்கவாட்டில் அடித்திருக்கிறது. எதிரே சைக்கிளில் வந்த ஓர் இளம்பெண் அவனருகில் வேகத்தைக் குறைத்து, “இடது கன்னத்துல வெள்ளை” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். முன்பின் தெரியாதவரிடம் பேசாத ஊரில் இது ஒன்றுதான் எல்லாரும் எல்லாரிடமும் சொல்வது. முகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் அவரவருக்குத் தெரியாது, எதிரே வருகிறவர்தான் சொல்ல வேண்டும். தெர்ஹோ நின்று, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, சூடு ஏறிய பிறகு கிளம்பினான். முகத்தை ஊரே பார்த்துக்கொள்ளும். காலைப் பார்க்க வழியில்லை.

பாலத்தைத் தாண்டியதும் மிதி சும்மா சுற்றியது. பின்சக்கரம் பிடிக்கவில்லை. உள்ளே இறங்கிய தண்ணீர் உறைந்துவிட்டது என்று அவனுக்கு உடனே புரிந்தது. சைக்கிளை அங்கேயே சாத்திவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தான். வழியில் அங்கங்கே நின்று, உள்ளே உறைந்தது விடுமா என்று சக்கரத்தில் உதைத்துப் பார்த்தான். எத்தனை முறை உதைத்தான் என்று அவனுக்கே நினைவில்லை. உதைத்த காலில் வலி இல்லாததால் கணக்கு வைக்க அவசியம் இருக்கவில்லை.

நீச்சல் கூடத்தில் வழக்கம்போல உடை களைந்து, குளித்து, சௌனாவுக்குள் போய் மேல் பலகையில் ஏறினான். கீழ்ப் பலகையில் இருந்த அஹ்தியின் மூக்குக்கு நேராக அவன் கால்கள் வந்தன.

“பெண்டாட்டி கொடி காட்டிட்டாளா? மூணு வாரமா வண்டி கொட்டகையிலயே நின்னுச்சே” என்று அஹ்தி ஆரம்பித்தான். பிறகு பேச்சை நிறுத்தினான். “தெர்ஹோ. உன் விரலைப் பாரு.”

இடது கால் விரல்கள் மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தன. அஹ்தி நகத்தால் ஒன்றைத் தட்டினான். மரத்தில் தட்டிய மாதிரி இருந்தது என்று பிறகு ஹில்க்காவிடம் சொன்னான்.

தொலைபேசி அவளை எழுப்பியபோது மணி ஒன்று. பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். நடைக்கூடத்தில் அஹ்தி தலைமுடி ஈரத்தோடு நின்றிருந்தான். டாக்ஸியில் கொண்டுவந்து சேர்த்தவன் அவன்தான்.

“பத்தொன்பதுல எப்படிக் கிளம்பினான் அவன்? கேட்டா பதினாலுங்கறான். நீச்சல் கூடத்து வாசல் பலகையில பெருசாப் போட்டிருக்கு பத்தொன்பதுன்னு. அது தப்பாம், உங்க வீட்டு ஜன்னல்தான் சரியாம். என்கிட்ட சண்டைக்கே வந்துட்டான்.”

ஹில்க்கா கையுறைகளைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்தாள்.

“உங்க வெப்பமானி போயிடுச்சு, ஹில்க்கா. வேற மாத்து.”

“பார்க்கறேன்” என்றாள்.

தெர்ஹோ கட்டிலில் சாய்ந்து, இரண்டு கால்களும் வெள்ளைத் துணிப் பொட்டலமாக, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவளைக் கண்டதும், “என் புத்திதான். சைக்கிளை உள்ள வச்சேன். நீ சொன்னே” என்றான். அவள் அவன் கோட்டை மடித்து நாற்காலியில் வைத்தாள்.

மருத்துவர் அவசரப்படவில்லை. உறைந்த விரலை உடனே வெட்டுவதில்லை. எது பிழைக்கும், எது பிழைக்காது என்று உடம்பே கோடு போட்டுக் காட்டும் வரை காத்திருக்க வேண்டும், சில வாரங்கள் ஆகும் என்றார். வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டு மாற்ற ஒரு நாள் விட்டு ஒரு நாள் செவிலி வந்தாள். மற்ற நேரமெல்லாம் அவன் சமையலறை மேசையில் இருந்தான், காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு. இப்போது செவ்வாய்க்கிழமையும் இருந்தான். விரல்கள் ஊதாவாகி, பிறகு கறுத்து, நுனியிலிருந்து சுருங்கின. கட்டு அவிழ்க்கும்போது இருவரும் பார்ப்பார்கள். கோடு எங்கே வந்திருக்கிறது என்று செவிலி சுட்டுவாள். அவர்கள் தலையாட்டுவார்கள்.

காலையில் அவன் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. போவதற்கு இடமில்லை, ஆனாலும் கேட்டான்.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள், “எவ்வளவு?” என்றான்.

“ஏழு” என்றாள். கையில் காபிக் கெண்டி இருந்தது. அதைக் கீழே வைக்காமலே, “அன்னைக்குப் பத்தொன்பது” என்றாள்.

“என்னைக்கு?”

“நீ போன அன்னைக்கு.”

தெர்ஹோ கரண்டியை எடுத்துக் காபியைக் கலக்கினான். அதில் சர்க்கரை இல்லை, பாலும் இல்லை. கீழே முற்றத்தில் பனி வாரும் வண்டி பின்னால் நகர்ந்து ஊதிக்கொண்டிருந்தது. அது நிற்கும் வரை கலக்கினான்.

“தப்பாப் பார்த்துட்டியா?” என்று கேட்டான்.

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். அவன் அதற்காகத்தான் அப்படிக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

“இல்ல. சரியாத்தான் பார்த்தேன்.”

“ம்.”

“நீ கொஞ்ச நேரம் வெளிய இருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் நினைக்கல.”

அவன் கரண்டியைத் தட்டில் வைத்தான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவளும் மாற்றத்தைத் தேடவில்லை.

“வாசல்லயே தெரிஞ்சுது” என்றான்.

“என்ன?”

“முதல் மூச்சுலயே மூக்குக்குள்ள ஒட்டிச்சு. பதினாலுல அப்படி ஒட்டாது. டயருக்கு அடியில பனியும் வேற மாதிரி கத்துச்சு.”

ஹில்க்கா கெண்டியைக் கீழே வைத்தாள். “அப்பறம் ஏன் போனே?”

“நீ பதினாலுன்னு சொன்னே.”

“மேல வந்து கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா? நீ நிஜத்தைச் சொல்லிட்டா?”

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். காபி ஆறியது. அவன் அதைக் குடித்தான்.

“அஹ்திகிட்ட என்ன சொல்றது?” என்று கேட்டாள்.

“வெப்பமானி கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. ஊர் முழுக்க அவன் அதைத்தான் சொல்லிட்டுத் திரியறான். இப்ப மாத்திச் சொன்னா அவனுக்குக் கஷ்டம்.”

பிறகு அவன் செய்தித்தாளைக் கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் செவிலி வந்தபோது இடது காலில் கோடு தெளிவாகத் தெரிந்தது.

மார்ச் 16 அன்று இடது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். வலது காலில் எதையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.